சிவப்பு முதலில்

புருசன் சன்னாசியின் இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது நவமணி அழுதாள். அது சிகரெட்டால் போனது என்று ஊர் பேச ஆரம்பித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பிஸ்கட் டின்னுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

சொன்னவள் கருப்பம்மாள். ஈப்போப் பக்கம் ஜெலாப்பாங் பிஸ்கட் பாக்டரியில் நவமணிக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடுப்புக்கூடத்துச் சூடும் சீனிப்பாகு வாடையும் சேர்ந்து தலையைக் கிறக்கும் அந்த இடத்தில், பேச்சுதான் பெண்களைத் தூங்காமல் வைத்திருந்தது.

“பேட்டரி பக்கத்துல நின்னு ஊதுனாராமே நவமணி. எங்க வூட்டுலயும் அப்படித்தான். அடுப்படியில கேஸ் தோங் பக்கத்துல குந்திக்கிட்டே பத்த வைப்பாரு. ஆம்பளைங்களுக்குச் சொன்னா ஏறாதுலா.”

“யாரு சொன்னா ஒனக்கு?”

“பாசார்ல பேசிக்கிட்டாங்க. பட்டற மொதலாளியே சொன்னாராம். ஏன், இல்லையா?”

நவமணி அடுத்த டின்னை எடுத்தாள். மூடி பொருந்தவில்லை. திருப்பிப் போட்டாள். அப்போதும் பொருந்தவில்லை.

அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. சன்னாசி சிகரெட் பிடிப்பவன்தான். ஆனால் பட்டறைக்குள் ஒருநாளும் பிடித்ததில்லை. பின்பக்கம் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து ஒன்று இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். கொப்பளிப்பதுகூட அவள் சொல்லி வந்த பழக்கம். அவன் செய்த அந்தச் சின்னக் காரியத்தைப் பிடித்துக்கொண்டு, செய்யாத பெரிய காரியத்தை அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

பட்டறை லகாட் போகும் சாலையில், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக்குட்டை ஒன்றின் ஓரத்தில் இருந்தது. மெய்யப்பனுக்குச் சொந்தம். கார் வயரிங் வேலை மட்டும்தான் அங்கே: விளக்கு, ஹாரன், டைனமோ, பேட்டரி. தலைமை வயர்மேன் ஐயாவு, நவமணியின் கூடப்பிறந்த அண்ணன். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் துரையின் மோரிஸ் காரைக் கழுவப் போய், பிறகு ஓட்டக் கற்று, பிறகு பிரித்துப் பூட்டக் கற்றவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தில் இருந்த அத்தனை பேரும் மூட்டை கட்டினார்கள். கையில் தொழிலோடு ஈப்போ சிலிபினுக்கு வந்தவர் ஐயாவு ஒருவர்தான். தங்கச்சி புருசன் சன்னாசியையும், லயத்துப் பக்கத்து வீட்டு பத்துமலையையும் பால்வாளியைக் கீழே வைக்கச் சொல்லி ஸ்பேனரைக் கையில் கொடுத்தது அவர்தான். அதற்காக அவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை அவருக்கும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவர் சொல்லும் முதல் சட்டம் இதுதான்: “பேட்டரியக் கழட்டுறப்ப சிவப்பு மொத, கறுப்பு கடேசி. ஆத்தா நெறம் சிவப்பு. மொத மருவாதி அவளுக்குத்தான்.” ஒரு தடவை கேட்டால் மறக்காது. யாரும் மறக்கவுமில்லை. மோரிசும் ஆஸ்டினும் வரிசை கட்டி நின்ற காலத்தில் அந்தப் பட்டறையில் ஒரு பொறிகூடப் பறந்ததில்லை.

ஜப்பான் கார்கள் வர ஆரம்பித்த பிறகுதான் பொறி பறந்தது. சிவப்பு முனையில் ஸ்பேனரை வைத்துத் திருகும்போது, அதன் வால் பக்கத்து இரும்பில் பட்டால் போதும், பளீரென்று வெள்ளையாக வெட்டும். ஸ்பேனரின் நுனி உருகிப்போகும். பத்துமலைக்கு ஒரு முறை புருவமே கருகியது.

“ஜப்பான்காரன் வண்டிலா. சண்டக் காலத்துல நம்ம அப்பனுங்கள என்னா பாடு படுத்துனானுங்க. வண்டிக்கு மட்டும் கோவம் இருக்காதா?” என்றார் ஐயாவு. எல்லாரும் சிரித்தார்கள். ‘சீறுற வண்டி’ என்று பேர் வைத்தார்கள்.

சீறலை அடக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். தோட்டத்து ஆட்கள் அல்லவா. இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களிடம் சொல்லி, புகை போட்ட ரப்பர் சீட்டுகளை வாங்கி வந்தார்கள். பேட்டரியைச் சுற்றி இரும்பு தெரியும் இடமெல்லாம் சீட்டை விரித்துவிட்டு வேலை செய்தார்கள். ஸ்பேனர் ரப்பரில் இடித்தது. பொறி இல்லை. வருசக்கணக்கில் அப்படியே ஓடியது. பட்டறைக்குள் நுழைந்தால் தோட்டத்துப் புகைக்கூண்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். சன்னாசியின் சட்டையைத் துவைக்கும்போது நவமணிக்கு அந்த வாடை பிடிக்கும். தன் பெண்பிள்ளைப் பருவத்து வாடை அது.

அந்த வாடைதான் மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை. புதுக் கார் வாங்கிய ஒருவர், பூச்சின் மேல் பழுப்பாகக் கறை பட்டுவிட்டது, உள்ளே எல்லாம் நாறுகிறது என்று சத்தம் போட்டார். மெய்யப்பன் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, “இது வயரிங் பட்டறையா, பொகைக்கூண்டா? இனிமே ஒரு வண்டி மேலயும் இந்தக் கருமத்தைப் பார்க்கப்படாது” என்று சொல்லிச் சீட்டுகளையெல்லாம் வாரி ஈயக்குட்டையில் எறியச் சொன்னார். எறிந்தது சன்னாசி. மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று பத்துமலை பின்னால் நவமணியிடம் சொன்னான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு ஜப்பான் கார் வந்தது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரம் வற்றுகிறது என்று ஓட்டி வந்தவர் சொன்னார். தைப்பிங்கிலிருந்து நேராக ஓட்டி வந்திருந்தார். பானட்டைத் தூக்கினால் பேட்டரிக்குள் குளுகுளுவென்று கொதிக்கும் சத்தம். சன்னாசி குனிந்தான். சிவப்பு முனையில் ஸ்பேனரை வைத்தான். ஒரு திருகு. வால் இரும்பில் பட்டது.

பட்டாசு மாதிரி இல்லை, தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம் என்றான் பத்துமலை. பேட்டரியின் மேல்பாகம் பிளந்து, உள்ளே இருந்த ஆசிட் முகத்தில் அடித்தது. மெய்யப்பன் ஆஸ்பத்திரிக்குக் காரை எடு, காரை எடு என்று கத்தினார். பத்துமலை காரை எடுக்கவில்லை. சன்னாசியின் தலையைப் பிடித்து இழுத்துப் பைப்படியில் சாய்த்து, அவன் திமிரத் திமிரக் கண்ணுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். வலது கண் பிழைத்தது அந்தத் தண்ணீரால்தான் என்றார் டாக்டர்.

*

கருப்பம்மாள் சிகரெட் பேச்சைச் சொன்ன அன்று பாக்டரி விட்டதும் நவமணி வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஈப்போவில் நாலு மணி மழை வழக்கம்போலக் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கட்டி வைத்த ரசச்சோறும் நெத்திலி சம்பலும் தூக்குச்சட்டியில் ஆறிப்போயிருந்தன. சன்னாசி கட்டுப்போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

“மழையில நனஞ்சியா?”

“நான் நனஞ்சது கெடக்கட்டும். நீங்க அன்னிக்குச் சிகரெட் பிடிச்சீங்களா?”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

“கையில ஸ்பேனர் இருந்துச்சு நவமணி. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன்.”

பக்கத்துக் கட்டிலில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்த கார்த்திகேசு, படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே இறக்கினார். யாழ்ப்பாணத்து வழி ஆள். அரசாங்க லாரிகள் பழுது பார்க்கும் கொட்டகையில் அவரும் வயர்மேன்தான். அவர் அங்கே படுத்துக் கிடந்தது ஏணியிலிருந்து விழுந்ததால்.

“தம்பி, குறை நினைக்காதையும். எந்த வயரை முதல்ல கழட்டினீர்?”

“சிவப்பு.”

“ஏன் சிவப்பு?”

“எப்பவும் அதுதானங்க மொத.”

கார்த்திகேசு பேப்பரை மடித்து மடியில் வைத்தார். “எந்தக் கார்?”

சன்னாசி சொன்னான்.

“ஐயோ தம்பி” என்று மட்டும் சொன்னார். பிறகு நவமணியைப் பார்த்துப் பேசினார், அவள்தான் கேட்கும் முகத்தோடு நின்றாள். “பேட்டரியில ஒரு முனை காரின்ரை உடம்போட கட்டியிருக்கும் தங்கச்சி. அதை எர்த் எண்டு சொல்லுறம். அதை முதல்ல கழட்டிப்போட்டால் பிறகு ஸ்பேனர் எந்த இரும்பில முட்டினாலும் பயமில்லை. பழைய மோரிஸில அந்த எர்த் சிவப்பில இருந்தது. சிவப்பை முதல்ல கழட்டினது சரி. ஜப்பான் கார்ல எர்த் கறுப்பில இருக்கு. அங்க சிவப்பை முதல்ல தொட்டால், பேட்டரியின்ரை முழுப் பலமும் ஸ்பேனர் வழியா ஓடும். கொதிச்ச பேட்டரிக்கு மேல வாயு நிக்கும். அதுக்குச் சிகரெட் தேவையில்லை. ஒரு பொறி போதும்.”

“அப்ப எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது தப்பா?”

“அந்தக் காருக்குச் சரி. இந்தக் காருக்குப் பிழை. எர்த்தைக் கழட்டச் சொல்லித் தந்திருக்க வேணும். நிறத்தைச் சொல்லித் தந்திட்டார்.”

சன்னாசி அவள் போட்டுக் கொடுத்த சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். “அப்ப அது சீறல” என்றான் மெதுவாக. “நாமதான் சீற வச்சிருக்கோம்.”

நவமணிக்கு அப்போது அண்ணன் மேல் கோபம் வரவில்லை. தெரியாமல் சொன்னார். தெரியாமல் செய்தார்கள். தெரியாததை எல்லாம் கோபித்துக்கொண்டால் தோட்டத்திலிருந்து வந்த ஜனம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. ஆனால் இந்தச் சிகரெட்? அதைப் பற்ற வைத்தவன் தெரியாமலா பற்ற வைத்தான்?

*

சன்னாசி வீட்டுக்கு வந்த அன்றே மெய்யப்பன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழமும் மால்ட் டின்னும். பின்னால் ஐயாவு, செருப்பைக் கழற்றுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு.

மெய்யப்பன் கெட்டவர் போலப் பேசத் தெரியாதவர். குரல் எப்போதும் பூசை அறையில் பேசுவது போல இருக்கும். “வெள்ளிக்கிழமை லேபர் ஆபீஸ்லேர்ந்து பட்டறைக்கு ஆள் வர்றாங்க சன்னாசி. ஒன்னையும் வரச் சொல்லி எல்லார்ட்டயும் கேப்பாங்க. நீ ஒண்ணும் நீட்டி முழக்க வேண்டாம். தெரியாத்தனமா ஒரு சிகரெட்டைப் பத்த வச்சேன்னு சொல்லிடு. முடிஞ்சது.”

“பத்த வைக்கலியே மொதலாளி.”

“வைக்கலை. சரி. ஆனா இதுல யாருக்கு நட்டம் சொல்லு. பட்டறை மேலே தப்புன்னு எழுதினா இழுத்து மூடச் சொல்லுவான். எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்? ஒன் மச்சான் குடும்பமும்தான். ஒனக்கு ராத்திரிக் காவல், ஜாகா வேலை போட்டுக் குடுக்கிறேன். ஒரு கண் போதும் அதுக்கு. நாற்காலி போட்டு உக்காரலாம்.”

ஒரு கண் போதும் என்று அவர் சொன்ன விதத்தில், கண்கள் இரண்டும் வைத்திருப்பது ஏதோ வீண் செலவு போல இருந்தது. நவமணி காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை.

“ரப்பர் சீட்டத் தூக்கி எறியச் சொன்னது நீங்கதான மொதலாளி?”

“அம்மா, ரப்பர் ஒட்டுறதும் எடுக்கிறதும் எங்க தொழில்லயே கிடையாது. ஐயாவு, ஒன் தங்கச்சிகிட்டே பேசு. நான் வர்றேன்.” காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.

ஐயாவு போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு தினமும் ஒரு தடவை வந்தார். பேச வாய் எடுப்பார், வேறு எதையாவது பேசிவிட்டுப் போவார். மழை பற்றி. மீன் விலை பற்றி. கடைசியில் வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்று நவமணி லீவு போட்டிருந்தாள்.

“மச்சான், நாளைக்கு என்னா சொல்லப்போற?”

“தெரியல மச்சான்.”

“ஜாகா வேல கெடைக்கும்லா. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு வேற எங்க போவ? ஜெலாப்பாங்ல எவன் சேப்பான்?”

அடுப்படியிலிருந்து நவமணி வெளியே வந்தாள். கையில் தாளிக்கிற கரண்டி. “அண்ணே, ஒன்னு கேக்குறேன். ஜப்பான் வண்டில கறுப்பத்தான் மொத கழட்டணுமாம். ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

“எவன் சொன்னான்?”

“எவன் சொன்னா என்னா. தெரியுமா தெரியாதா?”

ஐயாவு அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பேசினார்.

“தெரியாது. அன்னிக்கு வரைக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மச்சான ஆஸ்பத்திரியில சேத்துட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போனேன். மனசு கேக்கல. இன்னொரு ஜப்பான் வண்டி நின்னுச்சு. எல்லாத்தையும் மாத்தி மாத்திச் செஞ்சு பாத்தேன். கறுப்ப மொத கழட்டுனேன். சீறல நவமணி. ஸ்பேனர வச்சுத் தட்டுனேன். அப்பவும் சீறல.”

அடுப்பில் வெங்காயம் கருகும் வாடை வந்தது. யாரும் போய்ச் சட்டியை இறக்கவில்லை.

“அப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றாள் நவமணி.

“ஆமா.”

“தெரிஞ்ச பெறகுதான் சிகரெட்டுன்னு சொன்னீங்க.”

“மொதலாளிதான் சொன்னாரு. நான் ஒன்னும் சொல்லல.”

“நீ ஒன்னும் சொல்லல. அதான் கேக்குறேன். ஏன் ஒன்னும் சொல்லல?”

ஐயாவுக்குக் குரல் உயர்ந்தது. “என்னா சொல்றது? இத்தன பயலுக்கும் நான்தான சொல்லிக் குடுத்தேன். மொத மருவாதின்னு பெருசாச் சொன்னேன். இப்பப் போயி, டேய், நான் சொன்னது சாலாடா, அதனாலதான் என் தங்கச்சி புருசனுக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லணுமா? அப்பறம் எந்தப் பய என்னை மதிப்பான்?”

சன்னாசி கட்டு போட்ட முகத்தை நிமிர்த்தினான். அன்றைக்கு அவன் பேசிய ஒரே நீளமான பேச்சு அதுதான். “மச்சான், நான் ஜாகா இருக்கேன். நாற்காலியில உக்காந்து ராவெல்லாம் கொசு கடிபடுறேன். அது பரவால்ல. ஆனா என் வாயில சிகரெட்ட வைக்காதீங்க. எம்புள்ள மங்களம் நாளைக்கு வளந்து, எங்கப்பா திமிருல கண்ண வித்தவருன்னு நெனைக்கக் கூடாது. நான் நீங்க சொன்னத அப்படியே செஞ்சேன். ஒரு நாளு கூட மாத்திச் செஞ்சதில்ல.”

ஐயாவு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் நவமணிக்கு அது தோன்றியது.

“அண்ணே. நீ இப்ப கறுப்ப மொத கழட்டுற. சரி. பத்துமலை?”

ஐயாவு வாசற்படியில் நின்றார்.

“அவன்கிட்ட சொன்னியா?”

“நாளைக்கு ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். அப்பறம் மெதுவா…”

அவர் முடிக்கவில்லை. நவமணி கரண்டியைக் கீழே போட்டாள். ரப்பரில் செய்த ஜப்பான் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே போய் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். “எடு” என்றாள்.

*

லகாட் சாலை வெயிலில் பழுக்கக் காய்ந்து கிடந்தது. சிகரெட்டுக் கதை அவள் புருசனின் பேரை மட்டும் கெடுக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது அதோடு நிற்கவில்லை. சிகரெட்டால் வெடித்தது என்று நம்புகிறவன் சிகரெட்டைத் தூரப் போட்டுவிட்டு, நிம்மதியாக அதே சிவப்பைத் தொடுவான். பொய் இன்னொரு ஆளைப் பேட்டரிக்கு மேலே குனிய வைத்துவிட்டு, கண்ணாடி அறையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது.

பட்டறைக்குள் நுழைந்தபோது ஒரு புது ஜப்பான் கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. பூச்சில் முகம் பார்க்கலாம். பத்துமலை அதன் மேல் குனிந்திருந்தான். ஸ்பேனர் ஏற்கெனவே சிவப்பு முனையில் இருந்தது. அதன் வாலுக்கும் இரும்புக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான்.

கத்தினால் அவன் திடுக்கிட்டுத் திருப்பிவிடுவான் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ. சத்தம் போடாமல் கிட்டே போனாள். வலது காலில் இருந்த செருப்பைக் கழற்றி, ஸ்பேனருக்கும் இரும்புக்கும் நடுவே செருகினாள்.

பத்துமலை விழித்தான். “என்னாக்கா இது?”

“அசையாத. அப்படியே நில்லு.”

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மெய்யப்பன் படியில் நின்றபடியே, “இந்தாம்மா, வண்டி மேலே செருப்பையா வைக்கிறே? கஸ்டமர் வண்டி. நேத்துதான் பதிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க” என்றார்.

“ரப்பர்தான் மொதலாளி. இது நாறாது. காலையிலதான் சோப்புப் போட்டுக் கழுவுனேன்.”

உள்ளே யாரோ சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். ஐயாவு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

“அண்ணே, வா இங்க. நீ சொல்ற வரைக்கும் இந்தச் செருப்பு இங்கதான் இருக்கும்.”

ஐயாவு வந்தார். முகம் வேர்த்திருந்தது. “பத்துமலை, ஸ்பேனர எடு. கறுப்ப மொத கழட்டு.”

“கறுப்பா? ஏன்ணே?”

“சொன்னதச் செய்டா.”

“இப்படிச் சொல்லித்தான எல்லாம் வந்துச்சு” என்றாள் நவமணி. “ஏன்னு கேக்குறான்ல. ஏன்னு சொல்லு.”

ஐயாவு எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார். லேசாகச் சிரிக்கக்கூடப் பார்த்தார். “ஒன்னுமில்லலா. முன்ன சொன்னது கொஞ்சம் சாலா ஆயிடுச்சு…”

சிலிபினில் ‘சாலா’ என்று மலாயில் சொன்னால் தப்பு பாதித் தப்பாகிவிடும். சாப்பாட்டுக் கடையில் தேநீருக்குப் பதில் காப்பி வந்தால் சாலா. பஸ் மாறி ஏறினால் சாலா. சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

“சாலா வேண்டாம் அண்ணே. தமிழ்ல சொல்லு. எம்புருசன் கண்ணு தமிழ்லதான் போச்சு.”

ஐயாவுவின் சிரிப்பு போய்விட்டது. கை ரெண்டையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பேசும்போது அவர் பார்த்தது பத்துமலையைத்தான்.

“தப்பு. நான் சொல்லிக் குடுத்தது தப்பு. மோரிஸ்ல சிவப்பு எர்த், அதனால அது மொத. இந்த வண்டியில கறுப்புதான் எர்த். எர்த்ததான் மொத கழட்டணும், நெறத்தப் பாக்கக் கூடாது. எனக்குத் தெரியல. சன்னாசி நான் சொன்னதத்தான் செஞ்சான். அவன் கையில சிகரெட் இல்ல.”

“ஐயாவு” என்றார் மெய்யப்பன், அதே பூசை அறைக் குரலில். “நாளைக்கு ஆபீஸர் வர்றார். ஞாபகம் வச்சுப் பேசு.”

“இதத்தான் சொல்லப்போறேன் மொதலாளி.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “ரப்பரத் தூக்கிப் போட்டதையும் கேப்பாங்க. கேட்டா அதையும் சொல்லுவேன்.”

மெய்யப்பன் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கேட்க யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாருடைய கண்ணும் பத்துமலையின் கையில் இருந்தது.

பத்துமலை ஸ்பேனரைச் சிவப்பிலிருந்து பதனமாக எடுத்தான். கறுப்புக்குக் கொண்டுபோனான். திருகினான். வயர் கழன்று வந்ததும் அதை ஒதுக்கி வைத்தான். பிறகு சிவப்பில் ஸ்பேனரை மாட்டி, கொஞ்சம் தயங்கி, நவமணியின் செருப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வேண்டுமென்றே அதன் வாலை இரும்பில் முட்ட வைத்தான். நின்றவர்கள் எல்லாருக்கும் தோள் சுருங்கியது. ஒருவர் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒன்றும் இல்லை. இரும்பில் இரும்பு பட்ட சின்னச் சத்தம்.

திரும்பவும் முட்டினான். திரும்பவும் அந்தச் சத்தம்தான். கருகி முளைத்த தன் புருவத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டான்.

“இவ்வளவுதானா அண்ணே?” என்றான்.

ஐயாவு தலையை ஆட்டினார்.

நவமணி குனிந்து செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். “இவ்வளவுதான் பத்துமலை” என்றாள். “ஸ்பேனர் பேட்டரிக்கு இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் போகணும்.”